தொடாமல் பிறந்த நெருப்பு

அப்துல் ஸமத் நானாவை நான் அறிந்துகொண்டதே ஒரு சண்டையில்தான். தொண்ணூற்றொன்றில் என்னை லக்கலப் பக்கம் மருத்துவமாதாக மாற்றினார்கள். பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் நாளைக்கு என்று சனம் திரும்பிப் போகிற ஊர். இறங்கிய சந்தியிலிருந்து கிளினிக்குக்குப் போக ஸமத் நானாவின் உழவு மெஷின் ஒன்றுதான் இருந்தது. அதற்கு இரண்டே சக்கரம். முன்னால் எஞ்சின், அதிலிருந்து மாட்டுக் கொம்பு மாதிரி நீண்ட இரண்டு கைபிடி, பின்னால் கொளுவிய ட்ரெயிலர். காலையில் அது மரக்கறித் தோட்டம் உழும், பின்னேரம் ஊரையே ஏற்றிக்கொண்டு போகும்.

மருந்துப் பையையும் பிள்ளை நிறுக்கிற தராசையும் மடியில் வைத்து நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஓயா என்று ஊரார் சொல்கிற சிற்றாற்றின் கரைக்கு வந்ததும் ஸமத் நானா மெஷினை நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் எறங்குங்க. மிஸ்ஸி, நீங்களும்தான்."

அங்கே பாலம் கிடையாது. தண்ணீருக்குக் குறுக்கே கல்லும் சீமெந்தும் போட்ட தாம்போதிதான். மழைக்கு அதன் மேலால் தண்ணீர் ஓடும். அன்றைக்கோ கணுக்கால் நனையும் அளவுகூட இல்லை. எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற றஹீமா, அவருடைய மச்சினிச்சி, என் கையைப் பிடித்து அழுத்தினாள். சனமெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றது. பூசை நேரத்தில் எங்கள் மாதா கோயிலில்கூட அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை.

ஸமத் நானா எஞ்சினின் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பொயின்ட் இருக்கிறது. இரண்டு சின்ன உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும், விலகும்போது பிளக்கில் பொறி பிறக்கும். மிளகு அளவுதான் இருக்கும். அதில் ஒரு சொட்டு ஈரம் பட்டால் பொறி இல்லை. பொறி இல்லாவிட்டால் அந்த மெஷின் வெறும் இரும்பு. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, அதன் உரசுகிற பக்கத்தில் ஒரு துண்டைக் கிழித்து அந்த முனைகளைத் தேய்த்தார். நான்கு சவர பிளேடுகளை ஒன்றாக அடுக்கி இடையில் விட்டு இடைவெளி பார்த்தார். மூடியைப் போட்டு, மேலே பொலித்தீன், அதற்கு மேலே வாழையிலை வைத்துச் சணலால் கட்டினார். பிஸ்மி சொல்லி, எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றைச் சுற்றி இழுத்தார். வெறும் ட்ரெயிலரோடு அக்கரை சேர்ந்த பிறகு எங்களைப் பார்த்து வாங்க என்று கையசைத்தார்.

"என்ன நானா, நீங்க தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கிறத விட இதுக்கு நேரம் போகுதே?" என்றேன்.

"இதுவும் ஒளுதான் மிஸ்ஸி," என்றார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அந்தத் தீப்பெட்டிக் குச்சிகளை அவர் உரச மாட்டார் என்பதையும் பிறகு கவனித்தேன். பீடி பற்றவைக்க அடுத்தவரிடம் நெருப்புக் கேட்பார். பெட்டி மெஷினுக்கு உரியது, பீடிக்கு அல்ல.

காரணத்தைச் சொன்னவள் றஹீமாதான். எழுபத்தைந்தில் அவளுடைய தாத்தா, அதாவது அக்கா, ஸமத் நானாவின் மனைவி உம்மு குல்தூமுக்கு வலி கண்டபோது மாரி மழை. ட்ரெயிலரில் வைக்கோல் பரப்பிக் கிடத்திக் கொண்டு போனார்கள். நடு ஓயாவில் தண்ணீர் தெறித்துப் பொயின்ட் நனைந்தது. மெஷின் நின்றுபோனது. ஸமத் நானா சாரத்தால் துடைத்தார், ஊதினார், நனைந்த தீப்பெட்டியால் தேய்த்தார், கயிற்றை இழுத்து இழுத்துக் கை புண்ணானது. பிள்ளை ட்ரெயிலரிலேயே பிறந்துவிட்டது. இரத்தம் நிற்கவில்லை. மெஷின் ஓடவில்லை. அக்காவின் மூச்சு நின்றுபோனதென்று றஹீமா கூப்பிட்டபோது அவர் கையில் அந்த நான்கு பிளேடும் இருந்ததாம்.

அப்படிப் பிறந்த மகளுக்கு ஜெஸீமா என்று பெயர் வைத்தார்கள். றஹீமா வளர்த்தாள். அதற்குப் பிறகு எந்த மனித உயிரையும் ஏற்றிக்கொண்டு ஸமத் நானா ஓயாவில் இறங்கியதில்லை. சனம் நடந்து கடக்கும், அவர் தனியாகக் கடப்பார். கடக்கும்போது, தாம்போதி ஓரம் நட்ட அடையாளக் கற்களில் மூன்றாவதற்குக் கிட்டத்தில், அன்று மெஷின் நின்ற இடத்தில் மட்டும் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். இதைக் கேட்ட பிறகு நான் அவரிடம் வாயாடுவதைக் குறைத்துக்கொண்டேன். அடியோடு விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

தொண்ணூற்றாறில் ஜெஸீமா கர்ப்பமானாள். அவளுடைய மாப்பிள்ளை ரவூப் மாத்தளைச் சந்தையில் வியாபாரம். ஒன்பதாம் மாதம் அவளை டவுனுக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. ஆனால் ஸமத் நானா பேச்சை நம்புகிற ஆள் இல்லை. ஒருநாள் கிளினிக் வாசலில் வந்து நின்றார்.

"மிஸ்ஸி, இப்ப வார மோட்டார் சைக்கிளுக்கெல்லாம் பொயின்ட் இல்லையாமே?"

"எனக்கு எப்படி நானா தெரியும்? நான் பிள்ளை புடிக்கிறவ."

"ஒங்கட மாப்புள்ளைக்குத் தெரியும்தானே. கேட்டுச் செல்லுங்க. எங்கட மெஷினுக்கும் அப்பிடி ஒண்டு ஏலுமா எண்டு."

என் வீட்டுக்காரர் நோபர்ட் மாத்தளையில் ரேடியோவும் டீவியும் திருத்துகிறவர். எங்கள் வீட்டுக் கதவுக் கொக்கி கழன்று மாதக்கணக்கில் தொங்கும், அது அவர் கண்ணில் படாது. ஆனால் யாராவது "இது ஏலுமா?" என்று கேட்டுவிட்டால் போதும், சோறு ஆறிப்போகும். நான் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து கடைக்குப் போய்விட்டார். பழைய டீவியொன்றின் வயிற்றைப் பிரித்து ஒரு ட்ரான்சிஸ்டரை எடுத்தார். இன்னும் சில பொடிச் சாமான்களோடு அதை இருமல் மிட்டாய் டின்னொன்றில் வைத்துப் பற்றாசு போட்டார். முதலில் மாதாவுக்கு ஏற்றி மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி ஊற்றினார். எஞ்சின் சூட்டுக்கு மெழுகு உருகும் என்று நான்தான் சொன்னேன். அது என் ஒரே பங்களிப்பு. பிறகு ரோட்டுத் தார் கொஞ்சம் வாங்கி வந்து ஊற்றி அடைத்தார். டின்னிலிருந்து இரண்டே வயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

யுத்தம் நடந்த அந்த வருஷத்தில் தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையும் வயர் நீட்டிய டின்னும் ஒரே ஆளின் கையில் இருக்கக் கூடாது. டின்னோடு நாங்கள் இருவரும் லக்கலைக்கு ஏறிய பஸ்ஸை மறித்த ஆமிக்காரப் பையன் டின்னைக் கண்டதும் பின்னால் போய்த் துவக்கை நிமிர்த்தினான். நோபர்ட்டுக்கு ஒரு வியாதி இருக்கிறது. விளக்கம் சொல்லத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. சிங்களத்தில் ஆரம்பித்தார். உழவு மெஷின், பொயின்ட், ஈரம், காந்தம், கொயில் என்று ஒன்றும் விடவில்லை. கேட்டுக்கொண்டே அந்தப் பையனின் துவக்கு மெல்லக் கீழே இறங்கியது. கலேவெலயில் அவன் தகப்பனிடமும் அப்படி ஒரு மெஷின் இருக்கிறதாம். விதைப்புக் காலத்தில் அவர் விடிந்தால் பொயின்ட் தேய்த்தபடிதானாம். அப்படியானால் இதில் எதைத் தேய்ப்பது என்று கேட்டான். ஒன்றையும் தேய்க்க வேண்டாம், உள்ளே ஒன்றும் அசைவதேயில்லை என்றார் நோபர்ட். அவன் டின்னைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

ஸமத் நானாவின் வளவில் வேலை ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத்துக்குள் முடிந்தது. நோபர்ட் பொயின்ட்டுக்குப் போகிற வயரைக் கழற்றி அதை டின்னின் ஒரு வயரோடு சேர்த்தார். மற்றதை எஞ்சின் உடம்பில் முறுக்கினார். டின்னைத் தண்ணீர் எட்டாத உயரத்தில், கைபிடியில் கட்டினார். சைக்கிள் டியூபை வெட்டிப் பிளக்குக்கு ஒரு தொப்பி போட்டார். பழைய பொயின்ட் உள்ளேயே சும்மா கிடந்தது, பென்ஷன் எடுத்த ஆள் மாதிரி.

"இவ்வளவுதானா பாஸ்?" ஸமத் நானாவின் குரலில் ஏமாந்த ஆளின் சந்தேகம் இருந்தது.

நோபர்ட் பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்தே எஞ்சின் உடம்பில் படுக்கவைத்தார். "இப்ப இழுங்க நானா."

கயிறு இழுபட்டது. பிளக்கின் முனையில் நீல நிறத்தில் ஒரு பொறி பாய்ந்தது. முன்பெல்லாம் மஞ்சளாக, நோயாளிப் பிள்ளை இருமுகிற மாதிரி வருமே, அது இல்லை. டக் என்று சத்தத்தோடு வந்தது. பட்டப்பகலில் பலா மர நிழலில் அத்தனை பேருக்கும் தெரிந்தது. எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருக்கிறேன். முதல் மூச்சை எடுக்கிற அந்த இமைப்பொழுது மட்டும் எனக்குப் பழகவே இல்லை. இதுவும் அப்படித்தான் இருந்தது.

"எது எதைத் தொட்டு இது வருது?" ஸமத் நானா கேட்டார்.

"ஒண்ணும் ஒண்ணையும் தொடலைங்க. காந்தம் சுத்துது. கொயிலுக்குப் பக்கத்தால போகும், தொடாது. போற வேகத்துலயே கொயிலுக்குள்ள கரண்ட் பொறக்குது. அது உச்சிக்கு வந்ததும் இந்த டின் தானா அறுத்துவிட்டுடும். அறுந்ததும் பொறி."

"உச்சிக்கு வந்தது இதுக்கு எப்பிடித் தெரியும்?"

நோபர்ட் தலையைச் சொறிந்தார். "தெரியும்னுதான் சொல்லணும் நானா. எனக்கும் நெனைச்சா ஆச்சரியமாத்தான் இருக்கு."

"சுப்ஹானல்லாஹ்," என்றார் ஸமத் நானா.

அதோடு விட்டிருந்தால் நல்லது. ஆனால் கண்ட அதிசயத்தை ஒளித்துவைக்க அவருக்கு மனம் வரவில்லை. வந்தவன் போனவன் எல்லாரையும் பிடித்துப் பொறி காட்டத் தொடங்கினார். பள்ளிவாசலுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். மிளகாய் வாங்க வந்த வியாபாரிகள் பார்த்தார்கள். பன்சலை என்கிற புத்த விகாரையிலிருந்து வந்த பிக்கு ஹாமுதுரு குனிந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை காட்டச் சொன்னாராம். பிளக்கைக் கழற்றிப் படுக்கவைத்துக் காட்டினால் பொறி சின்னதாகத் தெரிகிறது என்று, வயரை மட்டும் பிடுங்கி எஞ்சினுக்கு ஒரு விரல் தூரத்தில் பிடித்தார். பொறி பாய்ந்தது. இரண்டு விரல் தூரத்துக்குத் தள்ளினார். அப்போதும் பாய்ந்தது. சனம் வாயைப் பிளந்தது. இன்னும் தள்ளினார். ஒருநாள் பொறி வரவில்லை. பிறகு எவ்வளவு கிட்டே கொண்டுபோயும் வரவில்லை.

பழைய பொயின்ட் வயரைத் திரும்ப மாட்டிக்கொண்டு மெஷின் ஓடியது. ஆனால் மனிதர் ஓய்ந்துவிட்டார். மாத்தளைக்கு பஸ் ஏறி வந்து, டின்னைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்தபடி எங்கள் கடை வாசலில் நின்றார். நான் அன்றைக்கு லீவில் இருந்தேன்.

"குரங்கு கையில பூமாலை," என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மவுத்தாக்கிட்டேன் பாஸ், உசிர் போயிட்டு," என்றார் அவர். "ஜெஸீமாக்கு எட்டாம் மாசம்."

நோபர்ட் ஏசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "பொறந்த கரண்டுக்கு வெளிய போக ஒரு வழி வேணும் நானா. நீங்க வயரைத் தூரத் தூரப் புடிச்சா அதுக்கு வழி இல்லை. திரும்பி உள்ளுக்கே வந்து எரிச்சிடும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்லை."

இரண்டாவது டின்னைச் செய்தபோது கூடவே ஒரு வேலை பார்த்தார். கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்றை உடைத்து அதிலிருந்த சின்ன பல்பை எடுத்தார். அதன் ஒரு வயரைப் பிளக் வயரின் ரப்பர் தோலுக்கு மேலே சும்மா சுற்றினார். மற்றதை எஞ்சின் உடம்பில் சேர்த்தார். பல்பைக் கைபிடியில், டின்னுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எஞ்சின் ஓடும்போதெல்லாம் அது சிவப்பாக மினுக்கி மினுக்கி எரிந்தது.

"இது பொறியோட நாடி. இனி யாருக்காவது காட்டணும்னா இதைக் காட்டுங்க. வயரைத் தொட வேணாம்," என்றார்.

"இதுவும் தொடாமத்தான் எரியுதா?"

"ஆமாங்க. இதுவும் தொடாமத்தான்."

ஸமத் நானா அந்தப் பல்பைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பேரப்பிள்ளையை அவர் பிறகு பார்த்ததும் அப்படித்தான்.

ஆனாலும் ஓயாக் கரைக்கு வந்தால் அவர் கை மெஷினை நிறுத்திவிடும். தேய்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் மூடியைக் கழற்றி மூடுவார். வாழையிலை கட்டுவார். சனத்தை இறக்கி நடக்கவிடுவார். "என்ன நானா, டின்னுக்கு ஒளு தேவையில்லையே?" என்று ஒருநாள் கேட்டேன். "மனசுக்குத் தெரியுது, கை கேக்குதில்ல மிஸ்ஸி," என்றார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டிலில் வந்த பழக்கமும் அல்ல. அதனால் ஆளை ஏற்றிக்கொண்டு ஓயாவின் ஆழத்தில் அந்த டின் ஒருமுறைகூடப் பரீட்சை பார்க்கப்படவில்லை. எனக்கு உள்ளூர அது உறுத்திக்கொண்டே இருந்தது.

டவுனுக்குப் போக நாள் குறித்திருந்தார்கள். வலி அதற்கு முந்திக்கொண்டது. நவம்பர் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் றஹீமா நனைந்தபடி கிளினிக்குக்கு ஓடி வந்தாள். நான் போய் ஜெஸீமாவின் வயிற்றில் கை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. என் கையால் ஆகிற காரியம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டி எடுத்தால்தான் இரண்டு உயிரும் தப்பும். அக்கரைச் சந்திக்குப் போய்விட்டால் வேன் பிடிக்கலாம். நடுவில் ஓயா.

ட்ரெயிலரில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் பாய் போட்டு ஜெஸீமாவைக் கிடத்தினோம். அதே வைக்கோல், அதே மழை. ஸமத் நானா மெஷினைக் கிளப்பி ஓட்டினார்.

கரையில் இருந்து பார்த்தால் தாம்போதியைக் காணவில்லை. அடையாளக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் உருண்டது. அவர் கை வழக்கம்போலப் போய் எஞ்சினின் வேகத்தைக் குறைத்தது. மற்றக் கை சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துவிட்டது.

"வாப்பா," என்றாள் ஜெஸீமா. "எனக்கு எறங்க ஏலா. நிப்பாட்டாதீங்க."

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு கைபிடியைப் பார்த்தார். சிவப்பு பல்ப் மழையில் மினுக்கிக்கொண்டிருந்தது. தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"இத வச்சிக்கோங்க மிஸ்ஸி."

நான் அதை மருந்துப் பைக்குள் போட்டேன். மெஷின் தண்ணீரில் இறங்கியது.

சக்கரம் முங்கியது. தண்ணீர் எஞ்சினில் மோதி ஆவியாக எழும்பியது. ட்ரெயிலர்ப் பலகைக்கு மேலால் அலை அடித்தது. நான் ஜெஸீமாவின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொன்னேன். அவர் கலிமா சொல்வது எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டது. மூன்றாவது கல் வந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை. அவர் கண் அந்த பல்பில் இருந்தது. என் கண்ணும் அதிலேதான் இருந்தது. எஞ்சின் முழுக்கத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது, அந்தச் சிவப்பு மட்டும் ஒரு துடிப்பும் தவறாமல் துடித்தது. ஒன்றையும் தொடாத அந்த நெருப்பைத் தண்ணீரால் தொட முடியவில்லை. நான் ஜெபத்தைப் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை, மெஷின் அக்கரை மேட்டில் ஏறிவிட்டது.

மாத்தளை ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ரவூப்பும் நோபர்ட்டும் வந்து நின்றார்கள். ஸமத் நானா நோபர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷின் தலையோட நனைஞ்சிச்சு பாஸ். ஆனா நிக்கல்ல," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

தாயையும் பிள்ளையையும் ரவூப் வீட்டில் விட்டுவிட்டு அவர் திரும்பிய அன்று நானும் வேலைக்குத் திரும்பினேன். மழை விட்டிருந்தது. ட்ரெயிலரில் நான் ஒருத்திதான். கரையில் அவர் நிறுத்தவில்லை, நேரே தண்ணீரில் இறக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நடு ஓயாவில், மூன்றாவது கல்லுக்குப் பக்கத்தில், எஞ்சினை அணைத்துவிட்டார். சிவப்பு பல்பும் அணைந்தது. திடீரென்று தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன நானா, என்ன ஆச்சு?"

"ஒண்டும் ஆகல்ல மிஸ்ஸி. நான்தான் நிப்பாட்டினேன்."

இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றார். கையேந்தி ஓதினார். முகத்தைத் தடவிக்கொண்டபோது அழுகை வெடித்தது. இருபத்தொரு வருஷமாக அந்த இடத்தில் தலையைத் திருப்பிக்கொண்ட மனிதர், அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்திருந்தது.

"இவ்வளவு சின்ன ஓயா, மிஸ்ஸி," என்றார் கடைசியில். "எழுபத்தஞ்சுல அவளக் கொண்டு போகேக்குள்ள கரையே தெரியல்லயே."

நான் மருந்துப் பையிலிருந்து அவருடைய தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன். வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்தார். அந்தப் பெட்டியிலிருந்து முதல் தடவையாக ஒரு குச்சியை எடுத்து உரசிப் பற்றவைத்தார். தண்ணீருக்கு நடுவில் நின்றபடியே பீடியைக் குடித்து முடித்தார். முடித்துவிட்டுக் கயிற்றைச் சுற்றி, ஒரே இழுவை இழுத்தார்.